ஆற்றல் வகுப்பறைக்கு வந்த வரலாறு

நடுநிலைப்பள்ளி மாணவன் ஒருவனிடம் "ஆற்றல் என்றால் என்ன?" என்று கேட்டால், "வேலை செய்யும் திறமையே ஆற்றல்" என்று தயங்காமல் விடை சொல்வான். "வேலை என்றால் என்ன?" என்று அடுத்துக் கேட்டால், "விசை ஒரு பொருளை நகர்த்துவது" என்பான். "அப்படியானால் பெரிய பாறை ஒன்றை அரை மணி நேரம் தள்ளுகிறேன், அது நகரவில்லை, ஆனால் நான் களைத்துப் போகிறேன். என் ஆற்றல் எங்கே போயிற்று?" என்று மூன்றாவதாகக் கேட்டுப் பாருங்கள். மாணவன் விழிப்பான். அவனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியரும் சற்றுத் தயங்கக்கூடும்.

இதில் மாணவனைக் குறை சொல்வதற்கில்லை. அவன் ஒப்புவித்த அந்த ஒற்றை வரி உருவாவதற்கு ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அவர்கள் நடந்த பாதையை விட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த ஊரின் பெயரை மட்டும் குழந்தைகளிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தப் பாதை எது, அதைப் பத்து முதல் பதின்மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் காட்ட எவரெவர் எவ்வாறு முயன்றனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

களிமண்ணில் விழுந்த குண்டு

ஓடுகின்ற பொருளிடம் ஏதோ ஒன்று இருக்கிறது. அது மோதும்போது வெளிப்படுகிறது. இதை எல்லாரும் அறிவர். அந்த ஏதோ ஒன்றை அளப்பது எப்படி? எடையையும் வேகத்தையும் பெருக்கினால் போதும் என்றனர் ஒரு சாரார். ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1686-இல் இதை மறுத்தார். எடையை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும் என்றார் அவர். அந்த அளவுக்கு "உயிருள்ள விசை" என்று பொருள்படும் லத்தீன் பெயர் ஒன்றையும் இட்டார்.

வாதம் பல்லாண்டுகள் நீடித்தது. 1720-களில் ஹாலந்து நாட்டுப் பேராசிரியர் ஸ்கிரேவசாண்ட் ஓர் எளிய சோதனை செய்தார். ஒரே அளவும் வெவ்வேறு எடையும் உடைய பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழச் செய்தார். மூன்று மடங்கு எடையுள்ள குண்டை மூன்றில் ஒரு பங்கு உயரத்திலிருந்து போட்டால் பள்ளம் ஒரே அளவாக இருந்தது. ஒரே குண்டை இருமடங்கு வேகத்துடன் விழச் செய்ய வேண்டுமானால் நான்கு மடங்கு உயரத்திலிருந்து போட வேண்டும். அப்போது பள்ளமும் நான்கு மடங்காயிற்று. லைப்னிட்ஸின் கணக்கே வென்றது. பிரெஞ்சுப் பெண்மணி எமிலி து ஷாத்லே 1740-இல் வெளியிட்ட இயற்பியல் நூலில் இச்சோதனைகளை எடுத்துக்காட்டி அக்கருத்துக்கு வலு சேர்த்தார்.

இந்தச் சோதனையைச் செய்ய என்ன வேண்டும்? ஈரக் களிமண், இரண்டு குண்டுகள், ஓர் அளவுகோல். எந்தப் பள்ளியிலும் கிடைப்பவைதாம்.

வெப்பமும் கணக்கில் சேர்ந்தது

அக்காலத்தில் வெப்பம் என்பது எடையற்ற ஒரு நீர்மம் என்றும், அது சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வடிகிறது என்றும் பலர் கருதினர். பவேரிய நாட்டின் படைத்துறையை நடத்திவந்த ரம்ஃபோர்டு பிரபு, மூனிச் நகர ஆயுதச்சாலையில் பீரங்கிக் குழாய்களுக்குத் துளையிடுவதைக் கவனித்தார். துளையிடும்போது உலோகம் கடுமையாகச் சூடேறியது. மழுங்கிய கருவி ஒன்றைக் கொண்டு, குதிரைகளைப் பூட்டிச் சுழற்றி, குழாயைச் சுற்றித் தண்ணீரை நிரப்பினார். தீயே இல்லாமல் இரண்டரை மணி நேரத்தில் அந்தத் தண்ணீர் கொதித்தது. சுற்றி நின்றவர்கள் வியந்தனர். கருவி சுழலும் வரை வெப்பம் வந்துகொண்டே இருந்தது. வற்றாமல் வருவது ஒரு பொருளாக இருக்க முடியாது, அது இயக்கமாகவே இருக்க வேண்டும் என்று 1798-இல் ரம்ஃபோர்டு எழுதினார்.

ஆனால் எவ்வளவு இயக்கத்திற்கு எவ்வளவு வெப்பம்? இந்தக் கேள்விக்கு விடை காண மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ராபர்ட் மேயர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1840-இல் கப்பல் வைத்தியராக ஜாவாத் தீவுக்குச் சென்றார். அங்கு மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் செந்நிறமாக இருக்கக் கண்டார். வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைத்திருக்கக் குறைந்த உணவு எரிந்தால் போதும், ஆகவே இரத்தத்தில் பிராணவாயு மிஞ்சுகிறது என்று அவர் எண்ணினார். உணவு, உடற்சூடு, உடலுழைப்பு மூன்றும் ஒரே கணக்கின் வரவு செலவுகள் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உதித்தது. ஒரு பொருள் ஏறத்தாழ 365 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும், அதே எடையுள்ள தண்ணீர் ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறுவதும் சமம் என்று 1842-இல் அவர் கணக்கிட்டு வெளியிட்டார்.

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே சால்ஃபோர்டில் பிறந்த ஜேம்ஸ் ஜூல் மதுவடிக்கும் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வெப்பநிலையைக் கூர்மையாக அளக்கும் பழக்கம் அவருக்குக் கைவந்திருந்தது. விழும் எடைகள் கயிற்றின் வழியாகத் துடுப்புகளைச் சுழற்ற, துடுப்புகள் தண்ணீரைக் கலக்க, தண்ணீர் சூடாகிறதா என்று பார்த்தார். எடைகளை இருபது முறை விழச் செய்தும் வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி பாரன்ஹீட்டே உயர்ந்தது. அந்தச் சிறு மாற்றத்தை நம்பத்தக்க முறையில் அளந்ததே அவருடைய வெற்றி. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி பாரன்ஹீட் சூடாக்க, ஒரு பவுண்டு எடை 772 அடி விழ வேண்டும் என்று 1850-இல் வெளியிட்டார். மெட்ரிக் கணக்கில் இது டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 424 மீட்டர். இன்றைய அளவீடு 427 மீட்டர்.

இந்த எண்ணை அடுக்களைக்குக் கொண்டு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க ஏறத்தாழ 2,93,000 ஜூல் ஆற்றல் வேண்டும். அதே ஆற்றலைக் கொண்டு ஒரு டன் எடையை 30 மீட்டர் உயரத்திற்கு, அதாவது ஏறக்குறைய பத்து மாடி உயரத்திற்குத் தூக்கலாம்! தேநீருக்கு வைக்கும் தண்ணீரில் இவ்வளவா என்று குழந்தைகள் வாய் பிளப்பார்கள். ஆற்றல் என்ற சொல்லை ஒரு கணக்காக அவர்கள் முதன்முதலில் உணர்வது அந்த வியப்பில்தான்.

ஒரே கருத்துக்குப் பல பெயர்கள்

இவ்வளவு நடந்த பிறகும் பெயர் நிலைபெறவில்லை. இங்கிலாந்தின் தாமஸ் யங் 1807-இல் வெளியான தம் விரிவுரைகளில் "எனர்ஜி" என்ற கிரேக்க வழிச் சொல்லைக் கையாண்டார்; எனினும் அது உடனே பரவவில்லை. மேயரும், 1847-இல் தம் 25-ஆம் வயதில் அழிவின்மைக் கருத்தைக் கணித வடிவில் தந்த ஹெல்ம்ஹோல்ட்ஸும் எழுதியது "கிராஃப்ட்" என்ற ஜெர்மன் சொல்லை. அதற்கு விசை என்பதே பொருள். இவ்விருவர் கட்டுரைகளையும் ஒரே ஜெர்மானிய இயற்பியல் இதழ் வெளியிடாமல் விட்டது என்பது வரலாற்றில் குறிக்கத்தக்க செய்தி. ஸ்காட்லாந்துப் பொறியியல் அறிஞர் ராங்கின் 1853-இல் "நிலை ஆற்றல்" என்ற பெயரைத் தந்தார். அதன்பின் பத்தாண்டுகளில் "இயக்க ஆற்றல்" என்ற பெயரும் வழக்கிற்கு வந்தது. லைப்னிட்ஸ் தொடங்கிய 1686-இலிருந்து ராங்கின் பெயரிட்ட 1853 வரை எண்ணினால் 167 ஆண்டுகள் ஆகின்றன.

தமிழிலும் இந்தக் குழப்பம் உண்டு. "உடம்பில் சக்தி இல்லை" என்கிறோம், "மின்சக்தி" என்கிறோம், "மன ஆற்றல்" என்கிறோம். பாடநூலோ ஆற்றல், விசை, திறன் மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பேசுகிறது. தெருவில் ஒன்றாகக் கலந்து கிடக்கும் சொற்களைப் பள்ளியில் பிரித்துப் பயில்வது எளிதன்று. ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கே வாய்க்காத பிரிவினை அது என்பதை ஆசிரியர் நினைவில் கொள்வது நல்லது.

மெழுகுவர்த்தியும் ஃபாரடேயும்

குழந்தைகளிடம் இக்கருத்தை முதலில் கொண்டு சென்றவர்களுள் மைக்கேல் ஃபாரடே தலையாயவர். கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்று விஞ்ஞானியானவர் அவர். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825 முதல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர் சிறுமியருக்குச் சொற்பொழிவுகள் நடந்து வந்தன. ஃபாரடே அவற்றில் பத்தொன்பது தொடர்களை நிகழ்த்தினார். 1859-60 தொடரில் இயற்கையின் பல்வேறு விசைகளைப் பற்றியும், அவை ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவைப் பற்றியும் பேசினார். அடுத்த ஆண்டு அவர் எடுத்துக்கொண்டது ஒரு மெழுகுவர்த்தி.

ஆறு சொற்பொழிவுகள், ஒரே மெழுகுவர்த்தி! மெழுகு உருகுகிறது, திரியில் ஏறுகிறது, ஆவியாகிறது, எரிகிறது. சுடரின் நடுவிலிருந்து கண்ணாடிக் குழாய் வழியாக ஆவியை வெளியே இழுத்து, குழாயின் மறுமுனையில் அதைப் பற்ற வைத்துக் காட்டினார். இறுதிச் சொற்பொழிவில், நம் உடலில் நடக்கும் சுவாசமும் ஒருவகையில் மெழுகுவர்த்தி எரிவது போன்றதே என்ற இடத்திற்குக் குழந்தைகளை அழைத்துச் சென்றார். மேயர் ஜாவாவில் கண்ட அதே உறவு இங்கே ஒரு சுடரின் வழியே பிள்ளைகளுக்குப் புலனாயிற்று. ஃபாரடே முதலில் இலக்கணம் கூறி, பிறகு எடுத்துக்காட்டுத் தேடவில்லை. கண்ணெதிரே இருப்பதைக் காட்டி, "இது எங்கிருந்து வந்தது? எங்கே போகிறது?" என்று கேட்டுக்கொண்டே சென்றார்.

தொடக்கப்பள்ளிக்கு வந்த இயற்பியலாளர்

1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்காவில் விஞ்ஞானக் கல்வியைப் பற்றிப் பெரும் கவலை எழுந்தது. பல்கலைக்கழக அறிஞர்கள் பள்ளிப் பாடங்களைத் திருத்த முன்வந்தனர். அவர்களுள் ஒருவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய ராபர்ட் கார்ப்ளஸ். வியன்னாவில் பிறந்தவர், குவாண்டம் மின்னியக்கவியலில் பெயர் பெற்றவர். தம் மகளின் வகுப்பில் மின்சாரத்தைப் பற்றிச் சில சோதனைகள் செய்து காட்டப் போனவர், குழந்தைகள் எவ்வாறு சிந்திக்கிறார்கள் என்ற கேள்வியிலேயே ஈடுபட்டுவிட்டார். ஜெனீவாவில் பியாஜே குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியைப் பற்றிச் செய்துவந்த ஆய்வுகளையும் கற்றார்.

1960-களில் அவர் தலைமையில் உருவான தொடக்கப்பள்ளி விஞ்ஞானத் திட்டத்தில் ஐந்தாம் நிலைப் பாடம் ஒன்றின் தலைப்பே ஆற்றல் மூலங்கள் என்பது. அதில் மாணவர்கள் முறுக்கிய ரப்பர் வளையத்தால் சுழலும் விசிறி போன்ற கருவிகளை இயக்கிப் பார்த்தனர். எத்தனை முறுக்குக்கு எத்தனை சுற்று? எது ஆற்றலைத் தருகிறது? எது பெறுகிறது? தந்த பொருளில் என்ன மாற்றம்? பெற்ற பொருளில் என்ன மாற்றம்? தருவது, பெறுவது, கைமாறுவது ஆகிய மூன்றே சொற்களைக் கொண்டு பாடம் நடந்தது.

1962-இல் கார்ப்ளஸும் மைரன் ஆட்கின் என்ற கல்வியாளரும் ஒரு கட்டுரையில் முக்கியமான ஒரு கருத்தை வெளியிட்டனர். குழந்தை கருவிகளோடு தானாகவே விளையாடினால் மட்டும் ஆற்றல் போன்ற கருத்தைக் கண்டுபிடித்துவிடாது. மேதைகளுக்கே பல தலைமுறைகள் பிடித்தன அல்லவா? எனவே முதலில் குழந்தை தேடிப் பார்க்கட்டும். அதன்பின் ஆசிரியர் சொல்லை அறிமுகம் செய்யட்டும். பிறகு அந்தச் சொல்லைப் புதிய இடங்களில் குழந்தை பயன்படுத்திப் பார்க்கட்டும். இந்த மூன்று படிகளே பின்னர் "கற்றல் சுழற்சி" என்று புகழ்பெற்றன. இங்கே சொல் முதலிலும் வரவில்லை, வராமலும் போகவில்லை, நடுவில் வருகிறது.

ஃபெயின்மன் எழுப்பிய எதிர்ப்பு

1966-இல் அமெரிக்க விஞ்ஞான ஆசிரியர்களின் மாநாட்டில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு ஃபெயின்மன் உரையாற்றினார். முதல் வகுப்புப் பாடநூல் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். அதில் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை நாய், உண்மையான நாய், மோட்டார் சைக்கிள் ஆகிய படங்கள். ஒவ்வொன்றின் கீழும் இது எதனால் ஓடுகிறது என்ற கேள்வி. விடை: ஆற்றலால் ஓடுகிறது. இந்த விடையால் குழந்தை எதையும் கற்கவில்லை என்று ஃபெயின்மன் கண்டித்தார். ஆற்றல் என்ற இடத்தில் கடவுள் என்றோ ஆவி என்றோ போட்டாலும் வாக்கியம் மாறாது. ஓடுவது நின்றுபோவதற்கும் அதே சொல்லைக் காரணம் காட்டலாம். பொம்மையைப் பிரித்து உள்ளே இருக்கும் சுருள்வில்லையும் பற்சக்கரங்களையும் பார்ப்பதே பாடம் என்றார். வில்லை முறுக்கியது கை, கைக்கு உணவு, உணவுக்குச் சூரியன் என்று பின்னோக்கிச் செல்லலாம். புதிதாகக் கற்ற சொல்லைப் பயன்படுத்தாமல் கற்ற பொருளைத் தன் சொற்களில் கூற முடிகிறதா என்று பார்ப்பதே அவர் காட்டிய உரைகல்.

அவரே சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர்களுக்கு ஆற்றலை ஒரு கதையால் விளக்கியிருந்தார். உடையாத 28 கட்டைகளோடு ஒரு சிறுவன் விளையாடுகிறான். மாலையில் தாய் எண்ணினால் ஒன்று குறைகிறது; விரிப்பின் அடியில் இருக்கிறது. மற்றொரு நாள் பெட்டியைத் திறக்க விடமாட்டேன் என்கிறான்; தாய் பெட்டியை எடை போட்டு உள்ளே எத்தனை என்று கணக்கிடுகிறாள். குளியல் தொட்டியின் அழுக்கு நீரில் போட்டாலும், நீர்மட்டம் உயர்ந்ததைக் கொண்டு எண்ணிவிடுகிறாள். கூட்டினால் எப்போதும் 28. ஆற்றலும் அப்படியே, ஆனால் அங்கே கட்டைகள் இல்லை, கணக்கு மட்டுமே உண்டு என்றார். ஜூல் வெப்பமானியைக் கொண்டு செய்தது இதைத்தான்: காணாமற்போன உயரத்தைத் தண்ணீரின் சூட்டில் எண்ணிக் காட்டினார்.

எண்ணெய் நெருக்கடியும் ஒரு சொல்லும்

1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியால் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயின் விலை சில மாதங்களிலேயே ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. மேலை நாடுகளின் பள்ளிகளில் ஆற்றல் கல்வி என்பது அவசரமாக நுழைந்தது. இங்கே ஒரு புதுச் சிக்கல். ஆற்றல் அழியாது என்ற இயற்கை விதிக்கும், எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்ற அறிவுரைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் வழங்கி வந்தது. அழியாத ஒன்றை ஏன் சேமிக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வியே. தமிழில் "அழிவின்மை", "சிக்கனம்" என்ற இரு தனிச் சொற்கள் இருப்பது நம் ஆசிரியர்களுக்கு ஒரு வசதி.

விடை வில்லியம் தாம்சன் 1852-இல் எழுதியதில் இருக்கிறது. ஆற்றல் அழிவதில்லை, ஆனால் சிதறிப் பயன்படாத வடிவை அடைகிறது. ஆறிப்போன தேநீரின் வெப்பம் அறையெங்கும் பரவி அங்கேயேதான் இருக்கிறது. அதைத் திரட்டி மீண்டும் தேநீரைச் சூடாக்க வழியில்லை. "தீர்ந்துவிட்டது" என்று குழந்தை சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது என்பதை ஆசிரியர் இங்கே ஒப்புக்கொள்ளலாம்.

குழந்தைகள் நினைப்பது

1983-இல் இங்கிலாந்தின் மைக் வாட்ஸ், மாணவர்களோடு உரையாடி ஆற்றலைப் பற்றிய அவர்களின் எண்ணங்களை ஏழு வகையாகப் பிரித்தார். உயிருள்ளவற்றுக்கே ஆற்றல் உண்டு, அது சில பொருள்களில் அடைத்து வைக்கப்பட்டது, அசைந்தால்தான் ஆற்றல், அது குழாயில் ஓடும் நீர்மம் போன்றது, இவ்வாறு பல. நீர்மம் என்ற எண்ணத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. ரம்ஃபோர்டு காலத்து அறிஞர்களும் வெப்பத்தை அப்படித்தானே எண்ணினர்! அதே ஆண்டில் ஜோன் சாலமன், மாணவர்கள் அன்றாடப் பொருளையும் வகுப்பறைப் பொருளையும் இரு தனி அறைகளில் வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்று காட்டினார். ஜே. டபிள்யூ. வாரன் என்பவரோ 1982-இல், ஆற்றல் என்பது கணித வழிப்பட்ட நுண்கருத்து, அடித்தளம் இல்லாத சிறுவர்களுக்கு அதைக் கற்பிக்கவே கூடாது என்று வாதிட்டார்.

வாரனின் அச்சத்தில் நியாயம் உண்டு. அரைகுறையாகக் கற்ற சொல், கல்லாமையைவிடக் கெடுதல் செய்யும். ஆனால் வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. ஸ்கிரேவசாண்ட் களிமண்ணில் குண்டு போட்டபோதும், ரம்ஃபோர்டு தண்ணீரைக் கொதிக்க வைத்தபோதும் ஆற்றல் என்ற இலக்கணம் அவர்கள் கையில் இல்லை. இலக்கணம் இல்லாமலேயே சரியான கேள்விகளைக் கேட்க முடிந்தது. பத்து வயதுக் குழந்தையாலும் அது முடியும். அமெரிக்காவில் 2013-இல் வெளியான பள்ளி விஞ்ஞானத் தரநிலைகள் இந்த வழியையே பின்பற்றின. நான்காம் வகுப்பு மாணவன் வேகம் மிகுந்தால் ஆற்றல் மிகும் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். ஒளி, ஒலி, வெப்பம், மின்னோட்டம் வழியாக ஆற்றல் இடம் மாறுவதைக் கண்டறிய வேண்டும். ஆனால் ஆற்றலின் துல்லியமான இலக்கணத்தை அவனிடம் தேர்வில் கேட்கலாகாது என்று அவை வரையறுத்தன.

வகுப்பில் செய்யத்தக்கவை

முதல் வாரம் களிமண்ணும் குண்டும். உயரத்தை இருமடங்காக்கினால் பள்ளம் என்ன ஆகிறது என்று மாணவர்கள் அளக்கட்டும். அடுத்து, ஒரு மீட்டர் நீளமுள்ள தடித்த அட்டைக் குழாயில் சிறிய இரும்புக் குண்டுகளை இட்டு, இருமுனைகளையும் அடைத்து, நூறு முறை தலைகீழாகத் திருப்பட்டும். இரும்பின் வெப்பநிலை கணக்குப்படி ஏறத்தாழ இரண்டு டிகிரி உயர வேண்டும். குழாயும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் வெப்பமானி அதைவிடக் குறைவாகவே காட்டும். அந்தக் குறை எங்கே போயிற்று என்று கேட்பதுதான் பாடத்தின் உயிர்நாடி. அதன் பிறகு "ஆற்றல்" என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதலாம்.

பாறையைத் தள்ளிக் களைத்தவனின் கேள்விக்கும் அப்போது விடை கிடைக்கும். பாறை நகரவில்லை, பாறையின் மீது வேலை நடக்கவில்லை. ஆனால் அவன் தசைகள் உள்ளுக்குள் சுருங்கி இயங்கிக்கொண்டே இருந்தன. உண்ட உணவு எரிந்து, அவன் உடல் சூடேறி வியர்த்தது. அந்த வெப்பம் காற்றில் கலந்தது. கணக்கில் ஒரு ஜூலும் குறையவில்லை. இதை ஆறாம் வகுப்பு மாணவன் தன் சொந்தச் சொற்களில் சொல்லிவிட்டானானால், "வேலை செய்யும் திறமை" என்ற வரியை அவன் அடுத்த ஆண்டு படித்துக்கொள்ளட்டும். அவசரம் ஒன்றும் இல்லை.